கடலில் கலக்கும் நீர் வீணா?



காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் தவறாமல் ஒரு வாசகம் இடம்பெறும். "கொள்ளிடத்தில் இத்தனை லட்சம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்பதே அது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் நிரம்பி வழிந்து, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் இடிந்து விழுந்த நாள்களில் இந்த வாசகத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்!

அந்த வாரத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காட்டுமன்னார்கோவில் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், "எவ்ளோ தண்ணி சாமி! அத்தனையும் உப்புத் தண்ணியில போயி வீணாப் போவுது. கோடையில ஒரு தண்ணிக்கு நாங்க எப்படி அலையறோம்!" என்று வேதனையோடு சொன்னார். பக்கத்தில் நின்ற கிள்ளைப் பக்கத்து மீனவப் பெண் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "என்னாங்க பெரியப்பா, வீணுன்னு சொல்லிட்டீங்க? ஆத்துத் தண்ணி எறங்கினாத்தான் எங்களுக்கு எறா படும்" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கோ அந்தப் பேச்சு மனத்தைவிட்டு அகலவில்லை. இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவருடைய உண்மை செய்தியாகிறது, திட்டமாகிறது, நிதி ஒதுக்கீடாகிறது. மற்றவருடையது திருப்பலி முடிந்து பேசும் பேச்சோடு நின்றுவிடுகிறது.

ஆறு, கடற்கரை, காடு ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, இந்த 'வீணாக' என்ற சொல்லைச் சற்று நிறுத்தி யோசிப்பது நல்லது. அதற்கு நம் சிதம்பரம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

தில்லை மரமும் சுரபுன்னைக் காடும்

வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிறது. தெற்கே பழையாறு, கொடியம்பாளையம் அருகே கொள்ளிடம் சேர்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருப்பதே பிச்சாவரம் காடு. படகு ஏறிச் சுற்றிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே படமாக்கப்பட்டது என்பதைப் படகோட்டிகள் இன்றும் சொல்லாமல் விடுவதில்லை! 2022ஆம் ஆண்டு 1,478 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை என்பது நாம் அறிந்ததே. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நடராசர் கோவிலின் தல மரமும் அதுவே. இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் நகரத்தில் தேடிப் பயனில்லை. பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். உப்பங்கழி ஓரத்துக் காட்டு மரம் ஒன்று, ஒரு நகரத்துக்கே பெயர் கொடுத்துவிட்டு இன்று கடலோரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

இந்தக் காட்டில் சுரபுன்னையும் கண்டல் வகைகளும் மிகுதி. சுரபுன்னை, கால் ஊன்றியது போலத் தாங்கு வேர்களை விட்டு நிற்கும். அதன் விதை தாய் மரத்திலேயே முளைத்து, நீண்ட காய் போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். அதன் இலைகள் தாம் உறிஞ்சிய உப்பை வெளியே தள்ளும். இவற்றைப் பார்ப்பவர்கள், 'இந்த மரங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் உணவு போலும்' என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. இவை உப்பைத் தாங்கிக்கொள்ளும் மரங்களே தவிர, உப்பை மட்டுமே கொண்டு வாழும் மரங்கள் அல்ல. ஊறுகாய் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடலாம். ஊறுகாயையே சோறாகச் சாப்பிட முடியுமா? கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆற்று நீர் வந்து கலந்து இது குறையும் இடத்தில்தான் காடு செழிக்கிறது. கோடையில் ஆறு வறண்டு, கழியில் நின்ற நீரும் வெயிலில் வற்றும்போது, உப்பின் அளவு கடலைவிடவும் கூடிவிடும். அப்போது மரம் வாடுகிறது, புதுக் கன்று பிழைப்பதில்லை.

இறாலின் கதையும் இதையொட்டியதே. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, உப்புக் குறைந்த நீரில், மரவேர்களின் மறைவில் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. மழைக்காலத்து ஆற்று நீர் இல்லையென்றால் அந்தத் தொட்டில் இல்லை. கிள்ளை அருகே வாழும் இருளர் குடும்பங்கள் இந்தக் கழியை நம்பி இருப்பவர்கள். மார்பளவு நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, பெரிய வலை இல்லை, நிலமும் இல்லை. கழியில் தண்ணீர் எப்படி இருக்கிறதோ, அதுதான் அன்றைய அடுப்பு.

காவல் இருந்தும் காடு அழிந்த கதை

இந்தக் காட்டின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிச்சாவரத்தின் பெரும் பகுதிகள் ஒரு காலத்தில் மொட்டையாகிக் கிடந்தன. ஊர் மக்கள் விறகுக்கு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்பதே நீண்ட காலம் சொல்லப்பட்ட காரணம். ஏழை மீது பழி போடுவது எளிது அல்லவா?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து இதை ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரியவந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை, அரசே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டி விற்றுவந்தது. மரம் போன நிலம் வெயிலில் காய்ந்து, சேறு இறுகி, நடுவில் தாழ்ந்து தொட்டி போல் ஆகிவிட்டது. நம் கடற்கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பெரிய ஓதத்தின்போது உள்ளே வந்த நீர் திரும்பி வடிய வழியின்றித் தொட்டியில் தங்கியது, வற்றியது, உப்பு மட்டும் மிஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு இது தொடர்ந்ததால் அங்கே எதுவும் முளைக்கவில்லை.

நோய் தெரிந்த பிறகு மருந்து எளிதாயிற்று. மீன் முள் போல, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓத நீர் உள்ளே வந்து போக வழி கிடைத்தது. உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் கன்று நட்டார்கள். கிராமக் குழுக்கள் அமைத்து, எந்த மக்கள் மீது பழி போடப்பட்டதோ அந்த மக்களையே காவலும் பராமரிப்பும் பார்க்கச் செய்தார்கள். பச்சை திரும்பியது. இன்று படகில் போகும்போது, நேர்கோடாக உள்ளே போகும் வாய்க்கால்களையும் ஒரே உயரத்தில் நிற்கும் வெண்கண்டல்களையும் பார்த்தால், அவை மனிதர் கை வைத்து மீட்ட காடு என்று அறிந்துகொள்ளலாம்.

வேலி போட்டதால் அந்தக் காடு திரும்பவில்லை. நீர் வரவும் போகவும் வழி விட்டதால் திரும்பியது. ஆனால் அந்த வாய்க்கால்களால் கடலின் ஓதத்தைத்தான் கொண்டுவர முடியும். ஆற்று நீரைக் கொண்டுவர அவற்றால் ஆகாது. ஆற்றின் கதவு இருப்பது வேறு இடத்தில்.

1836ஆம் ஆண்டு திரும்பிய ஆறு

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. எனவே நீர் மேலும் மேலும் கொள்ளிடத்துக்கே ஓடி, தஞ்சை வாய்க்கால்கள் வறண்டன. இதைத் தடுக்க 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டினார். அதே ஆண்டு அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. தஞ்சை தரணி பிழைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து கொள்ளிடம் என்பது மற்றவர்களுக்குப் போதும் போதும் என்றான பிறகு மிஞ்சியது ஓடும் வடிகாலாகிவிட்டது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் கொள்ளிடம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது.

1934இல் மேட்டூர் அணை வந்தது. கீழணையில் தேங்கும் நீர் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களிலும் வடவாற்றிலும் பிரிகிறது. வடவாறு, சோழர் காலத்து வீராணம் ஏரியை நிரப்புகிறது. அந்த ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை எடுத்துச் செல்லும் திட்டம் நடைமுறையில் உள்ளது. தாகத்துக்குத் தண்ணீர் தருவதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனாலும் கணக்கு கணக்குதான். ஒவ்வொரு மதகிலும் ஒரு பங்கு திரும்பிவிட, பிச்சாவரத்துக்கு வந்து சேர்வது, யாராலும் பிடித்து வைக்க முடியாத நாள்களின் வெள்ளம் மட்டுமே.

நம் வேளாண்மையில் தலைமடை, கடைமடை என்ற இரு சொற்கள் உண்டு. கடைமடைக்காரனின் கண்ணீரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் கடைமடைக்கும் அப்பால் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு நம் மொழியில் ஒரு சொல்கூட இல்லை.

வியப்பு என்னவென்றால், சட்டம் அவரை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, மொத்தம் 740 டி.எம்.சி. நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்டு, அதில் 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கு என்றும், 4 டி.எம்.சி.யைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்றும் எழுதி வைத்தது. இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கைக் குறைத்தபோதும் இந்த இரண்டிலும் கை வைக்கவில்லை. மாத அட்டவணையைப் பாருங்கள்: பிப்ரவரி முதல் மே வரை, மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டும். நான்கு மாதத்துக்குப் பத்து. கழியில் உப்பு ஏறும் மாதங்களும் சரியாக இவைதான்!

ஆனால் வழக்கப்படி மேட்டூரில் ஜனவரி 28ஆம் தேதியோடு பாசனக் கதவை மூடுகிறோம். ஜூன் 12க்குத்தான் திறப்பு. இடையில் குடிநீருக்கு விடும் சிறு நீரும் மணலில் இறங்கி, வழியில் உள்ள கூட்டுக் குடிநீர்க் கிணறுகளில் முடிந்துவிடுகிறது. எல்லைவரை கணக்கில் வரும் அந்தப் பத்து டி.எம்.சி., முகத்துவாரம்வரை தண்ணீராக வருவதற்குப் பாதை எங்கே? காவிரிக்காக எத்தனையோ போராட்டங்கள் கண்ட நாடு இது. அவற்றில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பத்துக்காக யாரும் கோஷம் போட்டு நான் கேட்டதில்லை. நானும் போட்டதில்லை.

மறைநூலில் எசேக்கியேல் 47ஆம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. கோவில் வாசற்படியின்கீழ் ஊறும் நீர் ஆறாகிக் கிழக்கே ஓடிக் கடலில் விழுகிறது. அதனால் கடல் நீர் நலம் பெறுகிறது, மீன் பெருகுகிறது, மீனவர் கரையில் வலை விரிக்கின்றனர். அந்தக் காட்சியில் கடலில் விழுந்த நீரை இறைவாக்கினர் வீண் என்று எண்ணவில்லை. இன்னொன்றும் அங்கே உண்டு. நாம் வழக்கமாக வாசிக்காமல் தாண்டிவிடும் வரி அது. ஆற்று நீர் எட்டாத சதுப்புகள் மட்டும் நலம் பெறாமல் உப்பாகவே விடப்படுகின்றன. அதை எழுதியவருக்கு உப்பு நிலத்தின் இயல்பு தெரிந்திருக்கிறது.

ஒரே நாளில் வரும் வெள்ளம்

"சாமி, அப்படியானால் வெள்ளம் வந்தால் உங்கள் காட்டுக்கு நல்லதுதானே?" என்று கேட்கலாம். கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு வெள்ளத்தை வாழ்த்த எனக்கு வாய் வராது. நம் மாவட்டத்தை வடிகால் மாவட்டம் என்றே சொல்கிறோம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, உப்பனாறு, வெள்ளாறு, மணிமுத்தாறு, கொள்ளிடம் எல்லாம் நம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2015 நவம்பரில் பட்டது போதாதென்று, 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் தேதி விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் வந்தது. தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு பகுதிகளில் வீடுகளுக்குள் ஆறு ஓடியது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். முகத்துவாரம் இருப்பது நம் ஊரில்.

ஆறு மாதம் ஒரு சொட்டும் இல்லை, ஒரே இரவில் ஆண்டு முழுவதற்குமான நீர் என்பது காட்டுக்கும் நல்லதல்ல, இறாலுக்கும் நல்லதல்ல, மனிதருக்கும் நல்லதல்ல. முகத்துவாரத்துக்குத் தேவைப்படுவது அளவும் காலமும். தொடர்ந்து ஓடும் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கரையை வளர்க்கும். முகத்துவாரத்து மணல் திட்டை அரித்துத் திறந்து வைக்கும். ஆறு ஓடாத மாதங்களில் கடல் அலை மணலைத் தள்ளி வாயை அடைக்கிறது. அடைபட்ட வாயில் திடீர் வெள்ளம் வந்தால் அது எங்கே போகும்? ஊருக்குள்தான்.

சுனாமி பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இளங்குரு. தேவனாம்பட்டினத்துக் கரையில் செபம் சொல்லச் சொற்கள் கிடைக்காமல் நின்றது இன்றும் நினைவில் உள்ளது. கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்துபோக, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிதும் தப்பின. பேராசிரியர் கதிரேசனும் அவருடன் ஆய்வு செய்தவரும் பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, கண்டல் காடு உயிர் காத்தது என்று 2005இல் எழுதினர். அதே புள்ளிவிவரங்களை மறுபடி பார்த்த வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்பவையே பெரும் காரணம் என்று 2006இல் மறுத்தனர். மேடைகளில் பேசும்போது இந்த இரண்டாவது பகுதியை நாம் விட்டுவிடுகிறோம்; நானும் பல ஆண்டுகள் விட்டுவிட்டேன். எல்லா அலையையும் தடுக்கும் மதில் காடு என்று மக்களிடம் சொல்லிவைப்பது ஆபத்தான ஆறுதல். ஆனால் காடு நிற்கும் இடத்தில் நாம் வீடு கட்டுவதில்லை, அதனால் வீடு கடலிலிருந்து தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியைக் காத்துத் தருவதே போதுமான நன்மை இல்லையா?

யார் கையில் எந்தக் கதவு

காடு வனத்துறையிடம். மதகுகள் நீர்வளத்துறையிடம். இறாலும் படகும் மீன்வளத்துறையிடம். வீராணத்துக் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்திடம். பிலிகுண்டுலு கணக்கு 2018இல் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்திடம். போதாததற்குக் கொள்ளிடமே மாவட்ட எல்லை. வடகரைக்குக் கடலூர் ஆட்சியர், தென்கரைக்கு மயிலாடுதுறை ஆட்சியர். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தாலும்கூடக் காடு தாகத்தில் சாகலாம்.

இப்போது கீழணைக்குக் கீழே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையில் கதவணைத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நிலத்தடி நீரைப் பெருக்கவும் கடல் நீர் ஆற்றில் ஏறுவதைத் தடுக்கவும் உழவர்கள் நெடுநாளாகக் கேட்டது அது. உப்பு ஏறிய கிணற்றடியில் நின்று பார்த்தவர்கள் அந்தக் கோரிக்கையைத் தவறென்று சொல்ல மாட்டார்கள். அதற்கு எதிராக நான் எழுதவில்லை. கதவு என்றால் மூடுவதற்கு மட்டுமல்ல, திறப்பதற்கும்தானே? கோடையில் எந்த நாள், எவ்வளவு திறந்தால் பிச்சாவரத்தில் உப்பு எவ்வளவு இறங்கும் என்று அளந்து, அதைக் கதவணையின் நடைமுறை விதியிலேயே எழுதிவிட்டால், அந்த 2.5 டி.எம்.சி.யில் ஒரு பங்குக்காவது முகவரி கிடைத்துவிடும். உழவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தீர்ப்பில் எழுதப்பட்ட நீர் அது.

இதற்கு முதலில் வேண்டியது அளவு. மேட்டூரின் நீர்மட்டத்தை நம் நாளிதழ்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன. படிக்காத பாட்டிக்கும் இன்று எத்தனை அடி என்று தெரியும். அதே பெட்டிக்குள், அதன் கீழே, 'பிச்சாவரம் கழியின் உப்பு, லிட்டருக்கு இத்தனை கிராம்' என்று ஒரு வரி சேர்க்கலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அளக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மீனவர் கூட்டங்களிலும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பேசலாம்.

சென்ற கோடையில் அந்த மீனவப் பெண்ணை மீண்டும் சந்தித்தேன். பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம் எல்லாம் பேசி முடித்துப் புறப்படும்போது, "மேட்டூரு எப்ப தொறப்பாங்க சாமி?" என்று கேட்டார். அவருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது.